உட்பொதி இயங்குதளத்தின் பில்டைத் தானியக்கமாக்குவது எப்படி

ஒரு ரவுட்டருக்குள்ளோ மருத்துவக் கண்காணிப்புக் கருவிக்குள்ளோ தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளோ இயங்கும் லினக்ஸ் ஒரே நிரல் அன்று. சாதனத்தைத் தொடக்கும் பூட்லோடர், இயங்குதளத்தின் கருவான கெர்னல், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ, சி நூலகம், அவற்றின் மேல் அமையும் நூற்றுக்கணக்கான சிறு நிரல்கள், இறுதியில் நாம் எழுதிய பயன்பாட்டு நிரல் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரே இமேஜ் கோப்பாகச் சாதனத்தின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்படுகின்றன. மூலநிரலிலிருந்து இவற்றைக் கட்டி இமேஜாக்கும் வேலையே பில்ட். அதை ஒருமுறை கையால் செய்து முடித்துவிடலாம். ஆனால் சாதனம் பத்தாண்டுகள்கூடக் களத்தில் இருக்கும். அதைக் கட்டிய கணினி அத்தனை காலம் இருக்காது, கட்டியவரும் வேறு பணிக்குச் சென்றிருப்பார். ஐந்தாம் ஆண்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவரும்போது, அந்த நூலகத்தை மட்டும் மாற்றி, மற்ற எதையும் தொடாமல், புதிய இமேஜ் ஒன்றை உருவாக்க முடியுமா என்பதே பில்ட் தானியக்கத்துக்கு உரிய சோதனை. கருவியைத் தேர்ந்தெடுப்பதையும் அதை அமைப்பதையும் அந்தச் சோதனையை முன்வைத்தே இங்கு விளக்குகிறேன். வாசகர் லினக்ஸ் கட்டளை வரியிலும் கிட்டிலும் ஓரளவு பழகியவர் என்று கொள்கிறேன்.

கருவி எதைச் செய்துதர வேண்டும்

எக்ஸ்86 கணினியில் இருந்துகொண்டு ஆர்ம் அல்லது ரிஸ்க்-ஃபைவ் சிப்புக்கான நிரலைக் கட்டுவதால், கட்டும் கணினியில் இயங்க வேண்டிய கருவிகளும் சாதனத்தில் இயங்க வேண்டிய நிரல்களும் ஒருபோதும் கலந்துவிடக் கூடாது. சாதனத்துக்கான ஹெடர் கோப்புகளும் நூலகங்களும் சிஸ்ரூட் எனப்படும் தனிக் கோப்பகத்தில் இருக்கும். வேறு வகைச் சிப்புக்கான நிரலை உருவாக்கும் கிராஸ் கம்பைலர் அதற்குள் மட்டுமே தேட வேண்டும். நடைமுறையில் பிழைகள் நுழைவது பெரும்பாலும் இந்த எல்லையில்தான். ஏதோ ஒரு நிரலின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், நூலகங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியை அழைக்கும். அது கட்டும் கணினியின் நூலகப் பாதையைக் காட்டிவிடும். சில நேரங்களில் லிங்கர் உடனே பிழை சொல்லி நிறுத்திவிடும், அது நல்லது. சில நேரங்களில் பொருந்தாத ஹெடரில் இருந்த தவறான மாறிலியோடு நிரல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கட்டப்பட்டு, சாதனத்தில் மட்டும் கோளாறு காட்டும். இதைக் கண்டுபிடிக்க நாட்கணக்கில் ஆகலாம். ஆகவே தனக்கென ஒரு பிகேஜி-கான்ஃபிக்கை வைத்துக்கொண்டு, தேடும் பாதைகளைச் சோதித்து, எல்லை மீறப்பட்டால் சொல்லிவிடும் கருவியே நமக்கு வேண்டும்.

அடுத்தது, எதை மறுபடி கட்ட வேண்டும் என்ற தீர்மானம். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-இல் எழுதிய மேக், கோப்புகளின் கடைசி மாற்ற நேரத்தை ஒப்பிட்டு இதைத் தீர்மானிக்கிறது. ஒரே நிரலுக்குள் அது இன்றும் போதுமானது. ஆனால் கம்பைலருக்குத் தரும் ஒரு தெரிவு மாறினாலோ, கம்பைலரே புதிய பதிப்புக்கு மாறினாலோ, மூலக் கோப்பின் நேரம் மாறுவதில்லை; எனவே மேக்குக்கு அது தெரியவும் வராது. பழைய தெரிவுகளோடு கட்டிய பாதியும் புதிய தெரிவுகளோடு கட்டிய பாதியும் ஒரே இமேஜில் சேர்ந்துவிடும் அபாயம் இங்கிருந்தே வருகிறது. கீழே வரும் கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது, இந்த அபாயத்தை அவை எப்படிக் கையாள்கின்றன என்பதில்தான்.

தேர்ந்தெடுத்தல்

நினைவக மேலாண்மை அலகு இல்லாத, சில நூறு கிலோபைட் ரேம் மட்டும் கொண்ட மைக்ரோகண்ட்ரோலர் என்றால் லினக்ஸ் பொருந்தாது. அங்கே செஃபிர், ஃப்ரீஆர்டிஓஎஸ், நட்எக்ஸ் போன்ற நிகழ்நேர இயங்குதளங்கள்தாம் தெரிவு. அவற்றில் செஃபிருக்கு மட்டும் பின்னால் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன்.

லினக்ஸ் என்று முடிவானால் பில்ட்ரூட், யாக்டோ என்ற இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலானோர் எடுக்கிறார்கள். பில்ட்ரூட் 2001-இல், யூசிலிப்சி என்ற சிறிய சி நூலகத் திட்டத்தோடு தொடங்கியது. மேக்கையும் கெர்னலிலிருந்து எடுத்துக்கொண்ட கேகான்ஃபிக் அமைவு முறையையும் கொண்டு இயங்குகிறது. யாக்டோ திட்டத்தை லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2010-இல் அறிவித்தது. அதன் அடித்தளமான ஓப்பன்எம்பெடட் 2003 முதலே இருந்துவந்தது. அதன் இயந்திரம் பைத்தானில் எழுதப்பட்ட பிட்பேக்.

ஒரே சாதனம், ஒரே பலகை (சிப் பொருத்திய மின்சுற்றுப் பலகை), மூன்று நான்கு பேர் கொண்ட குழு, இமேஜை முழுதாக மாற்றியே புதுப்பிக்கும் முறை என்றால் பில்ட்ரூட்டையே எடுக்கச் சொல்வேன். ஓரிரு நாட்களில் அதன் முழு அமைப்பும் புரிந்துவிடும். ஏதேனும் உடைந்தால் மேக் கோப்பைத் திறந்து படித்தே காரணத்தைக் கண்டுகொள்ளலாம். பல பலகைகள், ஒரே அடித்தளத்தின் மேல் பல தயாரிப்புகள், சிப் நிறுவனம் தரும் லேயர்களை (கட்டும் குறிப்புகளும் அமைவுகளும் கொண்ட தொகுதிகளை) சார்ந்த வன்பொருள் ஆதரவு, களத்திலுள்ள சாதனத்தில் தொகுப்புகளைத் தனித்தனியே நிறுவ வேண்டிய தேவை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் யாக்டோவின் கடினமான தொடக்கத்தைப் பொறுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. "பிற்காலத்தில் தேவைப்படலாம்" என்பதற்காக மட்டும் யாக்டோவை எடுக்க வேண்டாம். பில்ட்ரூட்டில் ஒழுங்காக எழுதிவைத்த அமைவை யாக்டோவுக்கு மாற்றுவது சில வாரங்களில் முடியும் வேலை. புரியாமல் எழுதிய யாக்டோ அமைவைப் பராமரிப்பதோ தயாரிப்பின் ஆயுள் முழுக்க நீளும்.

பில்ட்ரூட்டை அமைத்தல்

பில்ட்ரூட் ஆண்டுக்கு நான்கு பதிப்புகளை வெளியிடுகிறது. பிப்ரவரியில் வருவதே நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பு. தயாரிப்புக்கு அதையே எடுங்கள். முதல் வேலையாக உங்கள் பலகையைத் தொட வேண்டாம். க்யூஎமு எமுலேட்டருக்கான ஆயத்த அமைவுகளில் ஒன்றை எடுத்து, 'மேக்' கட்டளையை இட்டு, கிடைத்த இமேஜ் எமுலேட்டரில் லாகின் வரை வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியும் இணைய இணைப்பும் சரியாக இருக்கின்றன என்பதை வன்பொருளின் சிக்கல் எதுவும் கலக்காமல் உறுதிசெய்ய இதைவிட எளிய வழி இல்லை. ரூட் பயனராகப் பில்டை இயக்காதீர்கள்; தவறான பாதையில் நிறுவ முயலும் ஒரு மேக் கோப்பு உங்கள் கணினியின் கோப்புகளையே மாற்றிவிடக்கூடும்.

அடுத்து, உங்களுடைய எதையும் பில்ட்ரூட்டின் மூலக் கோப்பகத்துக்குள் வைக்காதீர்கள். வெளிமரம் என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. தனி கிட் களஞ்சியம் ஒன்றில் எக்ஸ்டர்னல்.டெஸ்க், கான்ஃபிக்.இன், எக்ஸ்டர்னல்.எம்கே என்ற மூன்று கோப்புகளை வைத்து, அதன் பாதையைப் பில்ட்ரூட்டுக்குச் சொல்லிவிட்டால், உங்கள் தொகுப்புகள், பலகை அமைவுகள், கெர்னல் பேட்ச்கள் அனைத்தும் அங்கேயே இருக்கும். பில்ட்ரூட்டை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும் நாளில் இந்தப் பிரிவு எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பது தெரியும்.

'மேக் மெனுகான்ஃபிக்' திரையில் சிப்பின் வகை, டூல்செயின் (கம்பைலரும் லிங்கரும் அடங்கிய கருவித் தொகுதி), கெர்னல் பதிப்பு, தேவையான தொகுப்புகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்த பின், 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' கட்டளையால் சுருக்கமான அமைவுக் கோப்பை உருவாக்கி வெளிமரத்தில் கமிட் செய்யுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட முழு அமைவுக் கோப்பைச் சேமித்தால், எது நாம் தெரிந்தே எடுத்த முடிவு, எது இயல்பு மதிப்பு என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. சுருக்கக் கோப்பில் இயல்பிலிருந்து விலகியவை மட்டுமே இருக்கும். இதேபோலக் கெர்னல், பூட்லோடர், அடிப்படைக் கட்டளைகளைத் தரும் பிஸிபாக்ஸ் ஆகியவற்றின் அமைவுகளையும் தனித்தனியே சேமிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கோப்பு முறைமையில் சேர்க்க வேண்டிய சில அமைவுக் கோப்புகளுக்கு ஓவர்லே கோப்பகம் போதும். அதிலுள்ளவை பில்டின் இறுதியில் அப்படியே மேலே நகலெடுக்கப்படும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் போஸ்ட்-பில்ட் ஸ்கிரிப்ட் எழுதலாம். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் ஐம்பது வரிகளைத் தாண்டி, மூலநிரலைக் கொண்டுவந்து கட்டவும் தொடங்கிவிட்டால், அது தொகுப்பாக எழுத வேண்டியதை ஒளித்துவைக்கும் இடமாகிவிட்டது என்று பொருள். தொகுப்பு எழுதுவது கடினமன்று: ஒரு அமைவுக் கோப்பு, பத்துப் பதினைந்து வரிகளில் ஒரு மேக் கோப்பு, தரவிறக்கத்தின் ஷா-256 மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஹாஷ் எண்ணை) சொல்லும் ஹாஷ் கோப்பு, அவ்வளவே. அந்த ஹாஷ் கோப்பைத் தவறாமல் எழுதுங்கள்.

பில்ட்ரூட்டைப் பயன்படுத்துபவர் எவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அமைவு மாறினால் எவற்றை மறுபடி கட்ட வேண்டும் என்பதை அது தானாகக் கண்டறிய முயல்வதே இல்லை. ஒரு தொகுப்பைத் தெரிவிலிருந்து நீக்கினால், ஏற்கெனவே நிறுவப்பட்ட அதன் கோப்புகள் இலக்குக் கோப்பகத்தில் அப்படியே இருக்கும். டூல்செயினையோ சிப் வகையையோ மாற்றினால், 'மேக் க்ளீன்' இட்டு முழுவதையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். ஒரு நூலகத்தில் புதிய வசதியை இயக்கினால், அதைச் சார்ந்த நிரல்களையும் நாமேதான் மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். எளிமைக்காகத் தெரிந்தே எடுத்த முடிவு இது, இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதன் விளைவாக ஓர் உறுதியான விதி பிறக்கிறது: வாடிக்கையாளரிடம் போகும் இமேஜ் எப்போதும் வெற்றுக் கோப்பகத்திலிருந்து தொடங்கிய முழு பில்டிலிருந்தே வர வேண்டும். பகுதி பில்ட் மேசையில் சோதிப்பதற்கு மட்டுமே. முழு பில்ட் நேரம் எடுக்கிறது என்றால், முன்பு கம்பைல் செய்ததை மறுபடி பயன்படுத்தும் சிகேஷ் வசதியை இயக்கலாம். முன்கட்டிய டூல்செயினைப் பயன்படுத்துவதும் நல்ல வழி. கம்பைலரையே ஒவ்வொரு முறையும் கட்டும் நேரம் மிச்சமாகும்.

யாக்டோவை அமைத்தல்

யாக்டோவில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதைக் கட்டும் முறையைச் சொல்லும் ஒரு ரெசிபி உண்டு. மூலநிரலைக் கொண்டுவருதல், பிரித்தல், பேட்ச் இடுதல், அமைத்தல், கம்பைல் செய்தல், நிறுவுதல், தொகுத்தல் எனத் தனித்தனிப் பணிகளாக அது பிரிக்கப்படும். பிட்பேக் ஒவ்வொரு பணிக்கும் ஒரு கையொப்பத்தைக் கணக்கிடுகிறது: அந்தப் பணியின் நிரல் வரிகள், அது பயன்படுத்தும் மாறிகளின் மதிப்புகள், அது சார்ந்திருக்கும் பணிகளின் கையொப்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஹாஷ் மதிப்பாகின்றன. கம்பைலரின் தெரிவு ஒன்று மாறினால் கையொப்பம் மாறும்; மாறிய பணியும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே மறுபடி ஓடும். மாறாதவற்றின் விளைவுகள் எஸ்ஸ்டேட் எனப்படும் பொதுக் கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும். மேக்கின் நேர ஒப்பீட்டால் முடியாததை இந்த ஏற்பாடு செய்கிறது, யாக்டோவின் மற்ற சிரமங்களையெல்லாம் தாங்கிக்கொள்ளத் தகுந்த காரணமும் இதுதான்.

தொடங்கும்போது நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பையே எடுங்கள். 2020-இல் வந்த 3.1 டன்ஃபெல், 2022-இல் வந்த 4.0 கிர்க்ஸ்டோன், 2024-இல் வந்த 5.0 ஸ்கார்த்கேப் என இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவை வருகின்றன. இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளை நகலெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2021-இல் வந்த 3.4 ஹானிஸ்டர் பதிப்பில் ஓவர்ரைடு (ஒரு மாறியின் மதிப்பைக் குறிப்பிட்ட நிலையில் மட்டும் மாற்றும் வரி) எழுதும் முறை அடிக்கோட்டிலிருந்து முக்காற்புள்ளிக்கு மாறியது. பழைய முறையில் எழுதிய வரிகள் புதிய பதிப்புகளில் செல்லா. வட்டில் 100 ஜிகாபைட்டுக்கு மேல் காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். இடம் குறைவு என்றால், கட்டி முடித்த ஒவ்வொரு ரெசிபியின் பணிக் கோப்பகத்தையும் நீக்கிவிடும் ஆர்எம்_வொர்க் வகுப்பைச் சேர்க்கலாம்.

அடுத்தவரின் லேயரைத் திருத்தாதீர்கள் என்பது யாக்டோவின் முதல் ஒழுக்கம். உங்களுக்கென ஒரு லேயரை உருவாக்கி, பிறர் எழுதிய ரெசிபியில் மாற்ற வேண்டியதை அங்கே அப்பெண்ட் கோப்பாக எழுதுங்கள். அதைவிட அடிக்கடி மீறப்படும் ஒழுக்கம் ஒன்று உண்டு: லோக்கல்.கான்ஃப் கோப்பில் தயாரிப்பைப் பற்றிய முடிவுகளை எழுதக் கூடாது. அந்தக் கோப்பு ஒருவரது கணினியின் பில்ட் கோப்பகத்தில் இருப்பது, கிட்டுக்குள் வராதது. அங்கே எழுதிய ஒரு வரியால் மட்டும் சாதனம் சரியாக இயங்குகிறது என்றால், அந்தச் சாதனத்தை வேறு எவராலும் மறுபடி கட்ட முடியாது. எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான கொள்கைகளை டிஸ்ட்ரோ கோப்பிலும், வன்பொருளைச் சார்ந்தவற்றை மெஷின் கோப்பிலும், எந்தத் தொகுப்புகள் சேர வேண்டும் என்பதை இமேஜ் ரெசிபியிலும் எழுதுங்கள். லோக்கல்.கான்ஃபில் எஞ்ச வேண்டியவை இழைகளின் எண்ணிக்கையும் கேஷ் கோப்பகங்களின் பாதைகளும் மட்டுமே.

பல லேயர்கள் பல களஞ்சியங்களிலிருந்து வருவதால், எந்தக் களஞ்சியத்தின் எந்தக் கமிட் என்பதை எங்கேனும் எழுதிவைத்தே ஆக வேண்டும். கிட் சப்மாட்யூல், ஆண்ட்ராய்டு திட்டத்திலிருந்து வந்த ரெப்போ, சீமென்ஸ் வெளியிட்ட காஸ் ஆகிய மூன்றும் இதைச் செய்யும். புதிதாகத் தொடங்குவோருக்குக் காஸையே பரிந்துரைக்கிறேன். ஒரே யாம்ல் கோப்பில் லேயர்களின் முகவரி, கமிட் எண், மெஷின், டிஸ்ட்ரோ, கட்ட வேண்டிய இமேஜ் அனைத்தையும் சொல்லிவிடலாம். ஒரே கட்டளையால் புதிய கணினியிலும் அதே நிலையை அடையலாம். கிளையின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, கிளை நகர்ந்துகொண்டே இருக்கும். இதே காரணத்தால், ரெசிபியில் ஆட்டோரெவ் என்று எழுதி எப்போதும் கடைசிக் கமிட்டை எடுக்கச் சொல்வதும் வெளியீட்டுக்கு ஒவ்வாது. உருவாக்கக் கட்டத்தில் வசதிக்காக வைத்திருந்தால், வெளியீட்டுக்கு முன் அது எங்கும் இல்லை என்று தேடி உறுதிசெய்யுங்கள்.

பிழை வந்தால் எங்கே பார்ப்பது? பணிக் கோப்பகத்தின் டெம்ப் உட்கோப்பகத்தில் ஒவ்வொரு பணிக்கும் அது ஓட்டிய ஸ்கிரிப்டும் அதன் பதிவுக் கோப்பும் இருக்கும். முதலில் அவற்றைப் படியுங்கள். ஒரு மாறிக்கு எதிர்பாராத மதிப்பு வந்திருந்தால், 'பிட்பேக் -இ' கட்டளை அந்த மதிப்பை எந்தக் கோப்பின் எந்த வரி அமைத்தது, எது பின்னர் மாற்றியது என்ற முழு வரலாற்றையும் காட்டும். மாறாத ஒன்று ஏன் மறுபடி கட்டப்படுகிறது என்ற கேள்விக்குப் பிட்பேக்-டிஃப்சிக்ஸ் கருவி இரண்டு கையொப்பங்களையும் ஒப்பிட்டு விடை தரும். பில்ட் நேரத்தை ஒரு மாறியில் எழுதும் ரெசிபிகள் அடிக்கடி இந்தச் சிக்கலைத் தருகின்றன: படிக்கும் ஒவ்வொரு முறையும் மதிப்பு மாறுவதால் கையொப்பம் நிலைக்காது, பிட்பேக்கும் பிழை சொல்லி நிற்கும். அந்த மாறியைக் கையொப்பக் கணக்கிலிருந்து விலக்கலாம். நேரத்தை எழுதுவதையே விட்டுவிடுவது இன்னும் நல்லது. மூலநிரலைத் திருத்திச் சோதிக்க யாக்டோவோடு வரும் டெவ்டூல் கருவியைப் பயன்படுத்துங்கள். பணிக் கோப்பகத்துக்குள் நேரடியாகத் திருத்துவதைத் தவிருங்கள். அடுத்த முறை பிரிக்கும் பணி ஓடும்போது திருத்தம் அழிந்துபோகும்.

செஃபிரும் வெஸ்ட்டும்

லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2016-இல் அறிமுகப்படுத்திய செஃபிர், சிமேக், நிஞ்சா, கேகான்ஃபிக், டிவைஸ் ட்ரீ ஆகியவற்றை இணைத்துப் பயன்படுத்துகிறது. இவற்றுக்கு மேலே வெஸ்ட் என்ற கருவி களஞ்சியங்களைக் கொண்டுவருவது, கட்டுவது, பலகையில் எழுதுவது ஆகிய மூன்றையும் ஒரே கட்டளைக் குடும்பத்தில் தருகிறது. இங்கே டிவைஸ் ட்ரீ லினக்ஸில்போலச் சாதனம் இயங்கும்போது படிக்கப்படுவதில்லை, கட்டும்போதே சி மேக்ரோக்களாக மாறிவிடுகிறது. ஆகவே பலகையை மாற்றினால் பழைய பில்ட் கோப்பகத்தை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ப்ரிஸ்டீன் தெரிவோடு புதிதாகக் கட்டுங்கள். உங்கள் பயன்பாட்டுக் களஞ்சியத்திலேயே மேனிஃபெஸ்ட் கோப்பை வைத்து, செஃபிரையும் அதன் துணைத் தொகுதிகளையும் கமிட் எண்ணால் நிலைப்படுத்துங்கள். எஸ்டிகே (கம்பைலர் முதலிய கருவிகளின் தொகுதி) பதிப்பையும் அதே களஞ்சியத்தில் குறித்துவையுங்கள். சோதனைகளைப் பல பலகைகளுக்கு ஒரே நேரத்தில் ஓட்ட ட்விஸ்டர் உடன்வருகிறது.

கட்டும் கணினியை உறையவைத்தல்

எந்தக் கருவியாக இருந்தாலும் அது கட்டும் கணினியின் கம்பைலரையும் சி நூலகத்தையும் கொஞ்சமாவது சார்ந்தே இருக்கும், ஏனெனில் தன் துணைக் கருவிகளை அவற்றைக் கொண்டுதான் கட்டிக்கொள்கிறது. இதன் விளைவை எம்4 என்ற சிறு நிரலில் காணலாம். அதன் 1.4.18 பதிப்பு, 2018-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) 2.28-ஓடு கட்டும்போது உடைந்தது. அதைச் சரிசெய்த பின், 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34-ஓடு வேறொரு காரணத்தால் மறுபடி உடைந்தது. நம் அமைவில் எதையும் தொடாமல், கணினியின் லினக்ஸைப் புதுப்பித்ததாலேயே பழைய தயாரிப்பின் பில்ட் நின்றுபோகும் என்பதற்கு இது நல்ல சான்று. இதைத் தவிர்க்க, குறிப்பிட்ட லினக்ஸ் பதிப்பும் தேவையான தொகுப்புகளும் கொண்ட டாக்கர் அல்லது பாட்மேன் கண்டெய்னர் ஒன்றை உருவாக்கி, உருவாக்குநர்கள், பில்ட் சர்வர் உட்பட எல்லோரும் அதற்குள்ளேயே கட்டச் செய்யுங்கள். கண்டெய்னர் படத்தை (கண்டெய்னரின் இமேஜை) டேக் பெயரால் அழைக்காமல் அதன் ஹாஷ் மதிப்பால் அழையுங்கள். டேக் நாளை வேறொரு படத்தைச் சுட்டலாம். படத்தைக் கோப்பாகவும் சேமித்துவையுங்கள். கண்டெய்னரை உருவாக்கும் டாக்கர்ஃபைல் மட்டும் இருந்தால், சில ஆண்டுகளுக்குப் பின் அது நிறுவச் சொல்லும் தொகுப்புகள் சர்வரில் இருக்குமென்று எந்த உறுதியும் இல்லை.

தரவிறக்கங்களையும் இதே கவனத்தோடு காக்க வேண்டும். 2022 மார்ச்சில் கிட்ஹப் மறையாக்கம் இல்லாத கிட் நெறிமுறையை நிறுத்தியபோது, அந்த முகவரியில் எழுதியிருந்த பழைய ரெசிபிகள் பல மூலநிரலைக் கொண்டுவர முடியாமல் நின்றன. 2023 ஜனவரி இறுதியில், அதே தளம் உடனுக்குடன் உருவாக்கித் தரும் சுருக்கக் கோப்புகளின் பைட்டுகள் மாற, உள்ளே இருந்த மூலநிரல் மாறாதபோதும் ஹாஷ் பொருந்தாமல் உலகெங்கும் பில்டுகள் தோற்றன. அந்த மாற்றம் விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. எனவே தரவிறக்கிய ஒவ்வொரு கோப்பையும் உங்கள் சர்வரில் ஒரு நகலாக வையுங்கள். பில்ட்ரூட்டில் 'மேக் சோர்ஸ்' எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். முதன்மைத் தளம் என்ற அமைவில் உங்கள் சர்வரைக் குறிப்பிடலாம். யாக்டோவில் ஓன்-மிரர்ஸ் வகுப்பைச் சேர்த்து, கிட் களஞ்சியங்களையும் சுருக்கக் கோப்புகளாக உருவாக்கச் சொல்லலாம். இவை சரியாக அமைந்தனவா என்பதை நம்பிக்கையில் விடாமல், கண்டெய்னரை வலைத்தொடர்பு இல்லாமல் தொடங்கிக் கட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அதுவே உங்கள் நகலில் இல்லாத கோப்பு.

தொடர் ஒருங்கிணைப்பு

தொடர் ஒருங்கிணைப்பு (சிஐ) என்பது ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வரில் தானாகக் கட்டிச் சோதிப்பது. அதற்கு ஜென்கின்ஸ், கிட்லேப் சிஐ ஆகியவற்றில் எது இருந்தாலும் போதும், பில்டை அவற்றில் எதையும் அதிகம் சார்ந்திருக்காமல் எழுதுவதே முக்கியம். பில்டின் அறிவு முழுவதும் களஞ்சியத்திலுள்ள ஒரே ஸ்கிரிப்டில் இருக்கட்டும். சிஐ அமைவு அந்த ஸ்கிரிப்டைக் கண்டெய்னருக்குள் அழைப்பதோடு நிற்கட்டும். அப்போதுதான் சர்வரில் தோற்ற பில்டை ஒருவர் தன் மேசையில் அதே நிலையில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியும்.

யாக்டோ பில்ட் பல மணி நேரம் எடுப்பதால், எஸ்ஸ்டேட் கேஷை எல்லாப் பில்ட் கணினிகளும் பகிர்ந்துகொள்ளுமாறு அமைப்பது அவசியம். அதில் எழுதும் உரிமை சிஐ சர்வருக்கு மட்டும் இருக்கட்டும், உருவாக்குநர்கள் படிக்க மட்டும் செய்யட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேஷோடு விரைவான பில்ட், ஒவ்வோர் இரவும் அல்லது வாரமும் கேஷே இல்லாமல் ஒரு முழு பில்ட் என்ற ஏற்பாட்டைப் பரிந்துரைக்கிறேன். ரெசிபியில் அறிவிக்க மறந்த சார்புகளை இந்த முழு பில்ட்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்: வழக்கமான பில்டில் வேறொரு தொகுப்பு தற்செயலாக முன்னரே கட்டப்பட்டிருக்கும், வெற்று நிலையிலிருந்து பல இழைகளில் ஓடும்போது அந்தத் தற்செயல் கைகொடுக்காது. யாக்டோ ஒவ்வொரு ரெசிபிக்கும் தனி சிஸ்ரூட் தருவதால் இவ்வகைப் பிழைகள் அதில் குறைவு. பில்ட்ரூட்டில் தொகுப்புவாரிக் கோப்பகங்கள் என்ற தெரிவை இயக்கினால் ஏறக்குறைய அதே பாதுகாப்பு கிடைக்கும். அந்தத் தெரிவு இல்லாமல் மேல்நிலையில் பல இழைகளில் மேக்கை ஓட்டாதீர்கள்.

கட்டப்பட்ட இமேஜ் பூட் ஆகிறதா என்று பார்க்காத சிஐ பாதி வேலையைத்தான் செய்கிறது. க்யூஎமுவில் பூட் செய்து, லாகின் வரை வந்ததையும் முக்கியச் சேவைகள் ஓடுவதையும் சோதிப்பது குறைந்த அளவு. யாக்டோவின் டெஸ்ட்இமேஜ் வகுப்பு இதைச் செய்யும். உண்மைப் பலகைகளில் சோதிக்க, மின்னிணைப்பைத் துண்டித்து இணைக்கும் ரிலேயும் சீரியல் இணைப்பும் கொண்ட சிறு சோதனைத் தளம் வேண்டும். பெங்குட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பிறந்த லேப்கிரிட், லினாரோவிலிருந்து வந்த லாவா ஆகிய இரண்டும் அதை இயக்கும் மென்பொருள்கள். சிறிய குழுவுக்கு லேப்கிரிட் எளிது.

இமேஜைக் கையொப்பமிடும் சாவியைப் பில்ட் கண்டெய்னருக்குள் வைக்காதீர்கள். உருவாக்கக் கட்டத்துக்கு ஒரு சோதனைச் சாவி, வெளியீட்டுக்குத் தனிக் கணினியிலோ வன்பொருள் பாதுகாப்புக் கருவியிலோ இருக்கும் சாவி எனப் பிரித்துவிடுங்கள்.

ஒரே இமேஜ் மறுபடி வருகிறதா

ஒரே உள்ளீடுகளைக் கொண்டு இரு முறை கட்டினால் பைட்டுக்குப் பைட் ஒன்றான இமேஜ் வர வேண்டும். வராததற்குக் காரணங்கள் பெரும்பாலும் சிலவே: நிரலுக்குள் எழுதப்படும் பில்ட் நேரம், பிழைதிருத்தத் தகவலில் பதியும் கோப்பகப் பாதை, கோப்புகளைச் சுருக்கும்போது மாறும் வரிசை, கெர்னல் தனக்குள் எழுதிக்கொள்ளும் கணினிப் பெயர். நேரத்துக்கு, சோர்ஸ்_டேட்_எப்பாக் என்ற சூழல் மாறியைக் கமிட்டின் நேரத்துக்கு நிலைப்படுத்துவது வழக்கம். பெரும்பாலான கருவிகள் அதை மதிக்கின்றன. பாதைக்கு, ஜிசிசி 8 முதல் இருக்கும் கோப்புப் பாதை முன்னொட்டை மாற்றும் தெரிவு உதவும். யாக்டோ இவற்றைப் பெரும்பாலும் தானே செய்துவிடுகிறது. பில்ட்ரூட்டில் இதற்கெனத் தனித் தெரிவு உண்டு. நீங்கள் எழுதிய பயன்பாட்டு நிரலில் மட்டும் இவற்றை நீங்களே கவனிக்க வேண்டியிருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. இரண்டு கணினிகளில், வெவ்வேறு பெயருள்ள கோப்பகங்களில், வெவ்வேறு நாட்களில் ஒரே கமிட்டைக் கட்டி, இரண்டு இமேஜ்களின் ஷா-256 மதிப்புகளை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் டிஃபோஸ்கோப் கருவி இமேஜைத் திறந்து, உள்ளே எந்தக் கோப்பில், எந்த இடத்தில் வேறுபாடு என்று காட்டும். முதல் முறையிலேயே பொருந்தாது. ஒவ்வொரு காரணமாகக் களைந்து வர வேண்டும். இந்த உழைப்பு வீண்போகாது. பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை இட்ட பின் பழைய இமேஜையும் புதியதையும் ஒப்பிடும்போது, திருத்திய நூலகத்தைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்று கையில் சான்றோடு சொல்ல முடிவது இதனால்தான்.

ஒவ்வொரு வெளியீட்டோடும் சேமிக்க வேண்டியவை

இமேஜை மட்டும் சேமித்தால் போதாது. அதனோடு காஸ் கோப்பு அல்லது டெஃப்கான்ஃபிக், எல்லாக் களஞ்சியங்களின் கமிட் எண்கள், தரவிறக்கக் கோப்பகத்தின் நகல், கண்டெய்னர் படம், பிழைதிருத்தக் குறியீடுகள் நீக்கப்படாத நிரல்கள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாமல், களத்தில் நொறுங்கிய நிரலின் கோர் டம்ப் (அந்த நேரத்து நினைவக நகல்) கைக்கு வந்தாலும் அதைப் படிக்க இயலாது. உரிமத் தகவல்களை பில்ட்ரூட்டில் 'மேக் லீகல்-இன்ஃபோ' திரட்டித் தரும்; யாக்டோவில் உரிமப் பட்டியல் இமேஜோடு உருவாகும், மூலநிரல்களைத் திரட்ட ஆர்க்கைவர் வகுப்பு உண்டு. ஜிபிஎல் உரிம நிரல்களின் மூலத்தை ஒருவர் கேட்கும்போது தர வேண்டிய கடமை இருப்பதால், இதை வெளியீட்டு நாளிலேயே செய்துவிடுவது நல்லது. யாக்டோ உருவாக்கும் எஸ்பிடிஎக்ஸ் கோப்பு, இமேஜில் எந்த நிரலின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைக் கருவிகள் படிக்கும் வடிவில் சொல்லும். புதிய பாதுகாப்பு அறிவிப்பு வரும்போது எந்த வெளியீடுகள் பாதிக்கப்பட்டுள்ளன என்பதைச் சில நிமிடங்களில் தேடிச் சொல்ல அது உதவும்.

இவ்வாறு சேமித்ததை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்து, அந்தத் தயாரிப்பில் வேலை செய்யாத ஒருவரிடம், வலைத்தொடர்பு இல்லாத கணினியில், எழுதிவைத்த குறிப்புகளை மட்டும் கொண்டு கட்டித்தரச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் கேட்க நேரும் ஒவ்வொரு கேள்வியும் ஸ்கிரிப்டிலோ குறிப்பிலோ சேர வேண்டிய ஒரு வரி. அவர் கட்டிய இமேஜின் ஷா-256 மதிப்பு வெளியீட்டுப் பதிவில் உள்ளதோடு பொருந்தினால், தேதியிட்டு அந்தப் பதிவிலேயே குறித்துவையுங்கள். பொருந்தாவிட்டால் டிஃபோஸ்கோப்பின் அறிக்கையை அதே பதிவில் இணைத்து, காரணம் தெரியும் வரை அந்தப் பதிவைத் திறந்தே வையுங்கள்.